உருபு மறைந்த கட்டளை

தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தின் பயணச்சீட்டுச் சாளரத்தில் நீண்ட தொடர் பேசுவார் இலர். "பீச், ரெண்டு" என்பர், சீட்டு வந்துவிடும். வினையில்லை, 'கு' உருபும் இல்லை. எனினும் முதற்சொல் ஊர், அடுத்தது எண்ணிக்கை என்பதை இருபுறத்தாரும் அறிவர். இவ்விருப்புப்பாதையில் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். இச்சுருக்கப் பேச்சும் ஏறத்தாழ அத்துணைப் பழமையுடையதாகலாம்.

கணினியின் கட்டளை வரியும் இத்தகையதே. பைத்தான் மொழியில் 'சீட்டு' என்னும் நிரலை எழுதி, அதனை இயக்கும் வரியில் 'சீட்டு தாம்பரம் கடற்கரை 2' எனத் தருவதாகக் கொள்வோம். நிரலின் பெயரைத் தொடர்ந்து வரும் சொற்கள் அளபுருக்கள் எனப்படும். அவை இடைவெளிதோறும் பிரிக்கப்பட்டு, 'ஆர்க்வி' என்னும் பட்டியலாக நிரலைச் சென்றடையும். சுழியாம் இடத்தில் நிரலின் பெயர். அடுத்து, புறப்படும் ஊர், சேரும் ஊர், எண்ணிக்கை.

இங்கே மூன்று இடர்கள் உள. முதலாவது, அந்த 2 எண் அன்று, அதுவும் சரமே. கட்டணம் 5 ரூபாய் எனக் கொண்டு அப்படியே பெருக்கினால் விடை 10 ஆகாது; 2 என்னும் எழுத்து ஐந்துமுறை அடுக்கி, 22222 எனக் கிடைக்கும். பைத்தான் பிழை என்று சொல்லவும் சொல்லாது. ஆதலின் முதலில் முழு எண்ணாக மாற்றுதல் வேண்டும். இரண்டாவது, 'சென்னை கடற்கரை' என எழுதினால் அஃது இரண்டு அளபுருக்களாகப் பிரியும். எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் 'கடற்கரை' வந்து நிற்கும். இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால் ஒன்றாகவே சேரும்.

மூன்றாவதே பெரிது. ஊர்ப்பெயர்களை இடம் மாற்றித் தட்டச்சு செய்தால் நிரல் தடையின்றி இயங்கும். பயணம் மட்டும் எதிர்த்திசையில் அமையும். தமிழில் இவ்வச்சம் இல்லை. 'தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு' என்றாலும் 'கடற்கரைக்குத் தாம்பரத்திலிருந்து' என்றாலும் பொருள் ஒன்றே, உருபு காக்கிறது. உருபு மறைந்து வருவதைத் தொகை என்பது நம் இலக்கணம். மேற்கண்ட கட்டளையும் ஒருவகைத் தொகையே. பொருளுக்கு இடம் ஒன்றே சான்று.

இதனை விரிக்கவும் வழியுண்டு. '--இருந்து தாம்பரம் --வரை கடற்கரை' என, சிறுகோடுகளுடன் கூடிய பெயரை ஒவ்வோர் அளபுருவிற்கும் முன் வைக்கலாம். நம் உருபு பெயருக்குப் பின் வரும். இது முன் வருகிறது, அவ்வளவே. வரிசை மாறினும் பொருள் மாறாது. அவ்வாறு வரும் வரியைப் பிரித்துணரப் பைத்தானில் 'கெட்ஆப்ட்' என்னும் கூறு உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் பயில்வோர், பைத்தான் வழியே சி பிளஸ் பிளஸ் நிரல்களை இயக்கும் பாடத்தில் அதனைக் காண்பர்.