தீபத்துக்கு வருகிறவர் மடியில் ஒரு கடிகாரம்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று அதிகாலை 4 மணிக்குப் பரணி தீபம். மாலை 6 மணிக்கு 2,668 அடி மலையுச்சியில் மகா தீபம். அதற்குச் சற்று முன்புதான் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவார். சில நிமிடங்களில் உள்ளே போய்விடுவார். அந்த நெரிசலில் செல்போனை எடுக்கவே பயம், பாதி நேரம் சார்ஜும் இருக்காது. இங்கே வருகிறவர்கள் ஒரு பாக்கெட் கடிகாரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். விலை பெரிதில்லை. காந்தி இடுப்பில் தொங்கவிட்ட இங்கர்சாலும் எளியவர்கள் வாங்கிய கடிகாரம்தான்.

செய்ய வேண்டியவை

• சாவி கொடுக்கும் கடிகாரமானால் தினமும் காலையில் ஒரே நேரத்தில் கொடுங்கள். குமிழ் இறுகியதும் விரலை எடுத்துவிடுங்கள். தினமும் சாவி கொடுக்க மறப்பவர்களுக்குப் பேட்டரி கடிகாரமே நல்லது.

• கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். புறப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியன்று சுற்றுவதானால், பஞ்சாங்கத்தில் அதன் நேரம் நாழிகைக் கணக்கில் இருந்தால், சூரிய உதயத்திலிருந்து எண்ணுங்கள். இரண்டரை நாழிகை ஒரு மணி.

• சங்கிலியைச் சட்டைப் பொத்தானிலோ இடுப்பு பெல்ட்டிலோ மாட்டுங்கள். வேட்டி மடிப்பு மட்டும் போதாது.

செய்யக்கூடாதவை

• ‘புத்தம்புது எச்.எம்.டி.’ என்று மலிவாக வருவதை நம்பி வாங்காதீர்கள். 1961-இல் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் தொடங்கிய அந்தக் கடிகாரத் தொழில் 2016-இல் மூடப்பட்டது. இன்று மினுமினுப்பாக வருபவற்றில் பல, பழைய இயந்திரத்துக்குப் புதிதாகச் சாயம் பூசிய முகம் வைத்தவை. பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். முகம் மங்கியிருந்தாலும் நேர்மையான பழையது மேல்.

• ஐந்து நிமிடம் கூட்டி வைக்காதீர்கள். ‘இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறதே’ என்று கணக்குப் போட்டுத்தான் ஒருமுறை விழுப்புரம் பஸ்ஸைத் தவறவிட்டேன். பொய் சொல்லும் கடிகாரத்தை மனம் மதிப்பதில்லை.

• சில்லறை, சாவிக்கொத்தோடு ஒரே பையில் போடாதீர்கள். செல்போனும் வேண்டாம், அதன் ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் உள்ளிருக்கும் சுருள்வில்லில் ஏறினால் கடிகாரம் தாறுமாறாக முந்தும்.

• கார்த்திகை மழையில் நனைந்து கண்ணாடிக்குள் ஆவி படர்ந்தால், தானாகக் காயட்டும் என்று விடாதீர்கள். அன்றைக்கே கடிகாரக் கடையில் கொடுத்துத் திறந்து துடைக்கச் சொல்லுங்கள். துரு மறுநாள் வரை காத்திருக்காது.