குருத்தணுவும் வளர்ச்சிக் காரணியும்

மனித உடலில் ஓடும் குருதி நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. சிவப்பணு ஒன்றின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாளே. அந்நாள் கழிந்ததும் அது சிதைந்தொழிய, அதன் இடத்தைப் புதிய அணு பெறுகிறது. நலமுள்ள ஒருவர் உடலில் நொடிக்கு ஏறக்குறைய 20 இலட்சம் சிவப்பணுக்கள் தோன்றுகின்றன. இவற்றைத் தோற்றுவிப்பது யாது? இவற்றின் தொகை கூடாமலும் குறையாமலும் காப்பது யாது?

எலும்பின் உள்ளே மச்சை என்னும் மென்பொருள் உண்டு. அதனுள் குருத்தணுக்கள் மிகச் சிலவாக உறைகின்றன. வாழைக் கிழங்கு தான் அழியாது நின்று கன்றுகளை ஈனுவது போல, குருத்தணு தன் இனத்தையும் காத்துக்கொள்ளும். சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகியவற்றுக்கு மூலமாகவும் நிற்கும். பொதுநிலையில் உள்ள அணு தனிக்கடமை பூண்ட அணுவாக மாறுதலை அறிவியலார் ‘வேறுபாடடைதல்’ என்பர்.

1961ஆம் ஆண்டு கனடா நாட்டு டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்கல்லக் என்னும் இருவர் இதற்குச் சான்று கண்டனர். கதிர்வீச்சினால் மச்சை அழிந்த சுண்டெலிகளுக்கு வேறு சுண்டெலிகளின் மச்சை அணுக்களைச் செலுத்தினர். சில நாள்களில் அவற்றின் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் எழுந்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒரே அணுவின் வழிவந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

ஆயினும் விதை மட்டும் இருந்தால் பயிர் விளையுமோ? நீரும் எருவும் வேண்டுமன்றோ? குருத்தணுவுக்கும் அதன் வழிவந்த இளவணுக்களுக்கும் அத்தகைய துணையாவன வளர்ச்சிக் காரணிகள். இவை உடலின் அணுக்கள் சுரக்கும் புரதங்கள். பூட்டிற் பொருந்தும் திறவுகோல் போல, ஒவ்வொரு காரணியும் தனக்குரிய ஏற்பியிற் பொருந்தி, ‘வாழ்க, பெருகுக, முதிர்க’ என அணுவை ஏவுகிறது. 1966ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பிராட்லி, மெட்காஃப் என்போர் மச்சை அணுக்களை அகர்க் கூழில் வளர்த்தனர். பிற அணுக்கள் சுரந்த பொருள் உடனிருந்தபோது அவை திரள்திரளாகப் பெருகின, அஃதில்லாதபோது பெருகவில்லை.

இக்காரணிகளுள் எரித்ரோபொய்ட்டின் என்பது சிவப்பணுவுக்குரியது. அதனைப் பெரும்பாலும் சுரப்பது சிறுநீரகம். குருதியில் உயிர்வளி குறையின் சிறுநீரகம் அதனை மிகுதியாகச் சுரக்கும். அது மச்சையை அடைந்து, சிவப்பணு நெறியிற் புகுந்த இளவணுக்களை அழியாது காத்து வளர்க்கும். உயிர்வளி நிறைந்ததும் சுரப்பு தணியும். உயர்ந்த மலைகளில் வாழ்வோர்க்குச் சிவப்பணு மிகுதல் இதனாலேயாம்.

சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு இவ்வேவல் பிறப்பதில்லை. மச்சை நலமாயிருந்தும் அவர்கள் குருதிச்சோகையால் வாடுவர். அடுத்தடுத்துப் பிறர் குருதியை ஏற்று வாழவேண்டிய நிலை முன்னாளில் இருந்தது. இத்துயர் நீங்க வழி பிறந்தது 1977இல். சிக்காகோ நகரின் யூஜீன் கோல்டுவாசரும் ஜப்பானியரான மியாகேயும் இக்காரணியைத் தூயதாகப் பிரித்தனர். மச்சை செயலற்ற நோயாளிகளின் உடலில் ஏவல் ஓயாது பிறக்கும், ஏற்பாரில்லை. ஆதலின் அவர்தம் சிறுநீரில் அது மிகுந்திருக்கும். அத்தகைய சிறுநீர் 2,550 லிட்டர் திரட்டியே சில மில்லிகிராம் பெற்றனர். 1985இல் அதன் மரபணு படியெடுக்கப்பட்டது. 1989இல் அமெரிக்காவில் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது. வேறொரு காரணி, புற்றுநோய் மருந்துகளால் குறைந்த வெள்ளணுக்களை மீட்க உதவுகிறது. கொடையாளரின் மச்சையிலுள்ள குருத்தணுக்களைக் குருதிக்கு வரச் செய்தும் பயன்படுகிறது.

எனினும் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாம். வெற்றி வேட்கையால் இம்மருந்தை மறைவாகக் கொள்ளும் விளையாட்டு வீரரின் குருதி தடித்து உறைந்து உயிருக்கே ஊறு செய்யக்கூடும். வேண்டுங்கால் ஏவலும், நிறைந்தவழி அமைதியும் உடல் தானே காக்கும் ஒழுங்கு. அவ்வொழுங்கை அறிந்து, குறைந்தவிடத்து நிரப்புவதே மருத்துவத்தின் பணியாம்.

வினாக்கள்

1. குருத்தணுவை வாழைக் கிழங்குடன் ஒப்பிட்டது ஏன்?
2. மச்சை நலமாயிருந்தும் சிறுநீரகம் பழுதுற்றோர் குருதிச்சோகை அடைவது எவ்வாறு?
3. எரித்ரோபொய்ட்டின் மருந்தான வரலாற்றைச் சுருக்கி எழுதுக.