பாத்தர்ஸ்ட் மலைப் பந்தயம்

ஆஸ்திரேலியக் கண்டத்தின் தென்கிழக்கில் நியூ சவுத் வேல்ஸ் என்னும் மாநிலம் உள்ளது. அதன் தலைநகராகிய சிட்னிக்கு மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் பாத்தர்ஸ்ட் என்ற ஊர் அமைந்துள்ளது. ஊரின் ஓரத்தே ஒரு குன்று நிற்கிறது. அந்நிலத்தின் தொல்குடியினராகிய விராட்ஜுரி மக்கள் அதனை வாலு என்று அழைப்பர். பின்வந்த வெள்ளையர் மவுண்ட் பனோரமா என்று பெயரிட்டனர். அக்குன்றின்மேல் ஏறி, முகட்டில் நெளிந்து, மறுபுறம் இறங்கி, தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும் சாலை ஒன்று உண்டு. அதன் சுற்றளவு 6.213 கிலோமீட்டர். அடிவாரத்திற்கும் உச்சிக்கும் இடையே உள்ள ஏற்றம் 174 மீட்டர்.

ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அஃது ஊரார் வந்து போகும் பொதுச் சாலையே. ஓரத்தில் வீடுகளும் உள்ளன. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் அதில் வண்டி ஓட்டுதல் குற்றம். பந்தய நாள்களில் மட்டும் அச்சாலை அடைக்கப்பெறும். அப்பொழுது அதே சாலையில் வண்டிகள் அவ்வேகத்தைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் இறங்கி வரும். 1938-ஆம் ஆண்டு தொடங்கி அங்குப் பந்தயங்கள் நடைபெற்று வருகின்றன.

பந்தயம் என்றவுடன், ஒருவரே அமரக்கூடியதும், தரையோடு படிந்ததும், சக்கரங்கள் வெளியே துருத்தி நிற்பதும் ஆகிய வண்டியே பலர் நினைவில் எழும். அத்தகைய வண்டி பந்தயத்திற்கென்றே பிறந்தது. கடைத்தெருவுக்குச் சென்று வர உதவாது. இப்பாடத்திற் கூறப்படும் பந்தயம் அவ்வகையினதன்று. தாயும் தந்தையும் மக்களும் அமர்ந்து ஊருக்குச் செல்லும் கார் இருக்கிறதே, அந்தக் காரையே பந்தயத்தில் விடுவது இது. ஆங்கிலத்தில் இதனை டூரிங் கார்ப் பந்தயம் என்பர். தமிழில் உலாவண்டிப் பந்தயம் எனலாம். உலா என்ற சொல் நம் இலக்கியத்தில் இறைவர்க்கும் அரசர்க்கும் உரியது. நான்கு கதவுகளுள்ள வீட்டு வண்டிக்கு அதனை வழங்குவது தகுமோ என்று புலவர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். வேறொரு நல்ல சொல் கிடைக்கும்வரை அதனையே கொள்வோம்.

1960-ஆம் ஆண்டில் விக்டோரியா மாநிலத்தின் பிலிப் தீவில் 500 மைல் தூரப் பந்தயம் ஒன்று தொடங்கப்பெற்றது. மக்கள் காசு கொடுத்து வாங்கும் கார்களுள் எது உழைக்கும், எது பாதி வழியில் நின்றுவிடும் என்பதை எல்லாரும் அறியச் செய்வதே அதன் நோக்கம். மூன்று ஆண்டுகளில் அத்தீவின் பந்தயச் சாலை சிதைந்து போயிற்று. ஆகவே 1963-இல் பந்தயம் பாத்தர்ஸ்ட் மலைக்கு வந்தது. வண்டிகளை அவற்றின் விலையை அளவாகக் கொண்டு வகுத்தனர். சிறிய விலையுள்ள வண்டி தன் இனத்தோடு போட்டியிட்டது. பெரிய விலையுள்ளது தன் இனத்தோடு போட்டியிட்டது.

அப்பந்தயத்தின் உயிர் ஒரு விதியில் இருந்தது. பந்தயத்தில் ஓடும் கார், கடையில் விற்கும் காராகவே இருத்தல் வேண்டும். குறித்த எண்ணிக்கையில் பொதுமக்களுக்கு விற்கப்பெற்றிருத்தல் வேண்டும். வாங்கியபின் அதன் உறுப்புகளைத் தம் விருப்பம்போல் மாற்றலாகாது. ஓட்டப் பந்தயத்தில் எல்லாரும் தத்தம் சொந்தக் காலால் ஓடவேண்டும் என்பது போன்ற நேர்மையான விதி இது. ஞாயிற்றுக்கிழமை வென்ற வண்டி திங்கட்கிழமை விற்கும் என்பது கார்த் தொழிலாரிடையே வழங்கும் பேச்சு. ஆதலால் தொழிற்சாலைகள் அம்மலையை மிகுந்த அக்கறையோடு நோக்கின.

மலை எதனைச் சோதித்தது? ஏறும்போது எஞ்சினைச் சோதித்தது. இறங்கும்போது பிரேக்கைச் சோதித்தது. இரண்டாவதே கடுமையானது. ஓடும் வண்டியிடத்துள்ள ஆற்றல், வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகும். வண்டியை நிறுத்தும்போது அவ்வாற்றல் முழுதும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. டிரம் பிரேக்கில் அவ்வெப்பம் மூடிய உருளைக்குள்ளே சிறைப்பட்டு நிற்கும். சில சுற்றுகள் சென்றபின் ஓட்டுபவர் எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு இராது. டிஸ்க் பிரேக்கிலோ தட்டு வெளியே காற்றில் சுழல்வதால் வெப்பம் விரைந்து நீங்கும். இதனை நூலிற் படித்து அறிவதைக் காட்டிலும் அம்மலையின் இறக்கத்தில் கண்டறிந்தவர்களே மிகுதி எனலாம். அவ்விறக்கத்தின் கீழ்ப்பகுதியாகிய நீண்ட நேர்ச்சாலைக்குக் கான்ராடு என்று பெயர். முன்னொரு பந்தயத்தில் ஒரு காரின் எஞ்சினுள் இருக்கும் இணைப்புத் தண்டு அங்கே முறிந்தது. அத்தண்டின் ஆங்கிலப் பெயரே சாலைக்குப் பெயராயிற்று. வென்றவன் பெயரைச் சூட்டாமல் முறிந்த உறுப்பின் பெயரைச் சூட்டிய அம்மக்களின் நகைச்சுவையும் பாராட்டத்தக்கதே.

தொடக்கத்தில் சிறு கார்களுக்கும் அங்கு இடமிருந்தது. 1966-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் மினி என்னும் சின்னஞ்சிறு கார்கள் முதல் ஒன்பது இடங்களையும் பிடித்தன. பின்லாந்து நாட்டவராகிய ரௌனோ ஆல்டோனனும், ஆஸ்திரேலியராகிய பாப் ஹோல்டனும் ஓட்டிய மினி முதலாவதாக வந்தது. இவர் பெயரையும், இனி வரப்போகும் ஹோல்டன் என்ற கார்த் தொழிற்சாலையின் பெயரையும் மாணவர் ஒன்றெனக் கொள்ளற்க.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. ஃபோர்டு தொழிற்சாலையார் தம் ஃபால்கன் என்னும் குடும்பக் காரில் எட்டு உருளைகளும் 289 கன அங்குலக் கொள்ளளவும் உடைய எஞ்சினைப் பொருத்தி 1967-இல் வென்றனர். ஹோல்டன் தொழிற்சாலையார் வாளாவிருப்பரோ? 1968-இல் 327 கன அங்குல எஞ்சினுடன் மொனாரோ என்ற காரைக் கொணர்ந்து வென்றனர். 1969-இல் அதனை 350 ஆக்கி மீண்டும் வென்றனர். ஃபோர்டாரின் எஞ்சின் 351 கன அங்குலம் ஆயிற்று. ஒருவர் வீட்டில் ஒரு மாடி எழுப்பினால் அண்டை வீட்டார் இரண்டு மாடி எழுப்புவது போன்றதே இது.

1971-இல் ஃபோர்டார் வெளியிட்ட கார் ஃபால்கன் ஜி.டி.எச்.ஓ. என்பதன் மூன்றாம் பதிப்பு. நான்கு கதவுகள், ஐவர் அமர இடம், பின்னால் பெட்டிகள் வைக்க அறை. புறத்தோற்றத்தில் அது வீட்டு வண்டியே. ஆனால் அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 142 மைல், அதாவது 228 கிலோமீட்டர். எஞ்சினின் திறன் 300 குதிரைத்திறன் என்று காகிதத்தில் எழுதப்பெற்றிருந்தது. உண்மையில் அதனினும் மிகுதி என்பது அறிந்தோர் துணிபு. அதன் பெட்ரோல் தொட்டி 36 காலன் கொள்ளும். சந்தைக்குச் சென்று மீளும் காருக்கு 36 காலன் தொட்டி எதற்கு? பந்தயத்தில் எண்ணெய்க்காக நிற்கும் தடவைகளைக் குறைப்பதற்கு. கடையில் விற்காத உறுப்பைப் பந்தயத்தில் பொருத்தக் கூடாது என்பது விதியாதலின், பந்தயத்திற்கு வேண்டிய உறுப்பையெல்லாம் கடையிலேயே பொருத்தி விற்றனர். அத்தகைய கார்கள் 300 செய்யப்பெற்றன.

விதி வகுத்தோர் வீட்டு வண்டியைப் பந்தயச் சாலைக்கு அழைத்தனர். பத்தாண்டுகளுக்குள் பந்தய வண்டி வீட்டு வாயிலில் வந்து நின்றது.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் நடந்த பந்தயத்தில், கனடா நாட்டிற் பிறந்து ஆஸ்திரேலியாவிற் குடியேறிய ஆலன் மொஃபட் அக்காரைத் தனியொருவராகவே ஆறு மணி நேரத்திற்கு மேல் ஓட்டினார். ஓட்டத்தின் நடுவே காற்றிற் பறந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்று காரின் முகப்பில் ஒட்டிக்கொண்டது. எஞ்சினைக் குளிர்விக்கும் காற்று தடைப்பட்டது. நின்று அதனை அகற்றினால் நேரம் போகும். நில்லாவிடின் எஞ்சின் வெந்து போகலாம். மொஃபட் வெப்பமானியின் முள்ளை நோக்கியவாறே நில்லாது ஓட்டி வென்றார். அதே பந்தயத்தில், அதே வகைக் காரை ஓட்டிய பில் பிரவுன் என்பாருக்கு மலை முகட்டில் டயர் வெடித்தது. கார் வேலியின்மேல் உருண்டு உருண்டு சென்று உருக்குலைந்தது. அவர் உயிர் தப்பியது வியப்பே.

இனி, மலையை விட்டு நாட்டுச் சாலைகளை நோக்குவோம். 1970-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியச் சாலைகளில் 3,798 பேர் மாண்டனர். அன்று அந்நாட்டின் மக்கள்தொகை ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் அளவினதே. அத்துணைச் சாவு அதற்கு முன்னும் நிகழ்ந்ததில்லை, பின்னும் நிகழ்ந்ததில்லை. அவ்வாண்டின் இறுதியில் விக்டோரியா மாநிலம், காரில் செல்வோர் இருக்கைப் பட்டை அணிதல் வேண்டும் என்று சட்டம் இயற்றியது. உலகில் அத்தகைய சட்டம் செய்த முதல் அரசு அதுவே. துயரம் எவ்வளவு ஆழமாக உணரப்பட்டது என்பதற்கு அச்சட்டமே சான்று.

இந்நிலையில், 1972-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், சிட்னியின் சன்-ஹெரால்டு என்னும் ஞாயிற்றுக்கிழமைத் தாளின் முதற் பக்கத்தில் ஒரு செய்தி வெளிவந்தது. மணிக்கு 160 மைல் செல்லக்கூடிய கார்கள் விரைவில் விற்பனைக்கு வரப்போகின்றன என்பது செய்தி. எழுதியவர் ஈவன் கிரீன். அவர் கார்ப் பகைவர் அல்லர். தாமே நெடுந்தூரப் பந்தயங்களிற் கார் ஓட்டியவர். ஃபோர்டு, ஹோல்டன், கிரைஸ்லர் ஆகிய மூன்று தொழிற்சாலைகளும் அவ்வாண்டின் பந்தயத்தைக் கருதி முன்னினும் வலிய கார்களை உருவாக்கி வந்தமை உண்மையே. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் போக்குவரத்து அமைச்சர் மில்ட்டன் மாரிஸ் அக்கார்களைக் கடுமையாகக் கண்டித்தார். ஏனைய மாநிலத்தாரும் குரல் எழுப்பினர். ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் மூன்று தொழிற்சாலைகளும் தத்தம் திட்டத்தைக் கைவிட்டன. ஃபால்கனின் நான்காம் பதிப்பு நான்கு கார்களோடு நின்றுபோயிற்று.

அச்செய்தி மிகையா, மெய்யா என்று இன்றளவும் வாதிடுவோர் உளர். நாட்டில் மாண்ட ஆயிரக்கணக்கானோருள் இம்முந்நூறு கார்களால் மாண்டவர் எத்துணையர் என்று கார் அன்பர்கள் கேட்கின்றனர். எளிய காரில் மது அருந்திவிட்டுச் செல்பவனைவிட இவ்வலிய காரில் தெளிவோடு செல்பவன் கொடியனோ என்றும் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும், நேற்று உரிமம் பெற்ற இளைஞன் ஒருவன் பணத்தைக் கட்டிவிட்டு, மொஃபட் ஓட்டிய காரையே இன்று தெருவுக்குக் கொண்டுவர இயன்றது என்பதை மறுக்க இயலாது. மொஃபட்டுக்கு அடைத்த சாலை இருந்தது, காவல் இருந்தது, எதிரே வரும் மாட்டுப்பட்டியும் பேருந்தும் இல்லை. இளைஞனுக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. தாளின் கணக்கில் குறை இருக்கலாம். அச்சத்தில் குறை இல்லை என்பதே என் எண்ணம்.

இதன் விளைவு ஒன்று எவரும் எதிர்பாராதது. ஹோல்டனார் தம் சிறு காராகிய டொரானாவில் எட்டு உருளை எஞ்சினைப் பொருத்த எண்ணியிருந்தனர். அது தடைப்பட்டமையால், 202 கன அங்குலமும் ஆறு உருளைகளும் உடைய பழைய எஞ்சினோடே 1972-ஆம் ஆண்டுப் பந்தயத்திற்கு வந்தனர். மொஃபட்டோ பழைய மூன்றாம் பதிப்பு ஃபால்கனோடு வந்தார். ஆற்றலால் அளந்தால் ஃபால்கனுக்கு முன் டொரானா நிற்க இயலாது. ஆனால் அன்று மழை பெய்தது. நனைந்த சாலையில் பெரிய எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்கள் தரையில் ஊன்ற மாட்டாமல் வழுக்கின. இலேசான டொரானா வளைவுகளில் எளிதாகத் திரும்பியது. பெட்ரோல் ஊற்றும்போதே எஞ்சினை இயக்கிய குற்றத்திற்காக மொஃபட்டுக்கு நேரத் தண்டமும் விதிக்கப்பெற்றது. டொரானாவை ஓட்டியவர் பீட்டர் பிராக் என்னும் இருபத்தேழு வயது இளைஞர். துணை ஓட்டுநர் இன்றித் தனியே ஓட்டி அவர் வென்றார். அம்மலையில் அவர் பெற்ற ஒன்பது வெற்றிகளுள் அதுவே முதலாவது.

1973-இல் பந்தயத் தூரம் 1,000 கிலோமீட்டர் ஆயிற்று. ஒவ்வொரு காருக்கும் இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்றாயிற்று. கடையில் வாங்கிய காரைப் பந்தயத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளவும் இசைவு தரப்பட்டது. இதனால் பந்தயத்திற்கு வேண்டிய உறுப்பைப் பொதுமக்களுக்கு விற்கவேண்டிய தேவை குறைந்தது. தெருவுக்கு அது நன்மை. ஆனால் வாங்குவோன் தன் காரையே மலைமேற் காணும் மகிழ்ச்சி சிறிது சிறிதாகத் தேய்ந்தது. 2013-ஆம் ஆண்டு விதிப்படி எல்லாக் கார்களுக்கும் ஒரேவகை அடிச்சட்டம் அமைந்தது, மேலுறையே வேறுபட்டது. ஃபோர்டார் 2016-இலும், ஹோல்டனார் 2017-இலும் ஆஸ்திரேலியாவிற் கார் செய்வதையே நிறுத்திவிட்டனர். பழைய ஃபால்கன் மூன்றாம் பதிப்புக் கார் ஒன்று 2018-இல் ஏலத்தில் பத்து இலட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் விலைபோயிற்று. அவ்விலை கொடுத்து வாங்கியவர் அதனை மணிக்கு 142 மைல் வேகத்தில் ஓட்டத் துணிவார் என்று நான் நம்பவில்லை.

பிராக்கைப்பற்றி இன்னுமொரு செய்தி. 1970-களின் நடுவிலிருந்து அவர் காரின் கதவில் 05 என்ற எண் பொறிக்கப்பெற்றிருந்தது. பந்தய எண்ணின் முன்னே சுழியம் இருப்பானேன் என்று தோன்றும். விக்டோரியா மாநிலத்தில் கார் ஓட்டுவோர் குருதியில் மது 0.05 விழுக்காட்டிற்கு மிகலாகாது என்பது சட்டம். அச்சட்டத்தை மக்கள் மறவாதிருக்கவே அவ்வெண்ணை அவர் தாங்கினார். 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு பந்தயத்தில், கார் மரத்தின்மேல் மோதி அவர் இறந்தார். அதற்கடுத்த மாதம் பாத்தர்ஸ்ட் மலையில் வென்றோர்க்கு அவர் பெயரால் ஒரு கிண்ணம் வழங்கப்பெற்றது. முதன்முதல் அதனைக் கையில் ஏந்தியவர்களுள் ஒருவர், இளமையில் அவரிடம் பழகிக் கற்ற கிரெய்க் லவுண்ட்ஸ்.