முதலில் வால்வைப் படத்தில் ஏற்றுங்கள்

பேரூராட்சிக் குடிநீர்ப் பிரிவுக்குக் கணினி என்றதும் பலரும் சென்சாருக்கும் தானியங்கி மோட்டாருக்கும் விலை கேட்கிறார்கள். எந்த வால்வு எங்கே இருக்கிறது என்பது தண்ணீர் திறப்பவருக்கு மட்டுமே தெரிந்த ஊரில் அது வீண் செலவு. அவர் ஓய்வு பெற்றால் அடுத்து வருபவர் தெருத்தெருவாகத் தோண்டிப் பார்க்க வேண்டியதுதான். முதலில் வரைபடம். அதற்கான கியூஜிஐஎஸ், கியூஃபீல்டு மென்பொருள்கள் இரண்டும் இலவசம்.

1. கணினியில் கியூஜிஐஎஸ் நிறுவி, யூடிஎம் ஆயத்தொலை முறையில் திட்டம் தொடங்குங்கள். திருச்சிக்கு மண்டலம் 44 வடக்கு, கோவைக்கு 43 வடக்கு. அப்போதுதான் தூரம் மீட்டரில் வரும்.

2. வால்வுப் படிவத்தில் எண், விட்டம், தண்ணீர் போகும் தெருக்கள், மூட எத்தனை சுற்று, புகைப்படம் போதும். படிவம் நீண்டால் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

3. அந்தத் திட்டத்தைப் போனுக்கு மாற்றி, கியூஃபீல்டில் திறந்துகொண்டு, காலையில் தண்ணீர் திறப்பவரோடு நடங்கள். அலுவலகத்தில் உட்காரவைத்துக் கேட்டால் பாதி வால்வு விட்டுப்போகும்.

4. சறுக்குவது இங்கேதான். போன் காட்டும் புள்ளியை அப்படியே நம்பாதீர்கள். திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் விலகும். மாடி வீடுகளுக்கு நடுவே இன்னும் கூடும். சந்தில் 5 மீட்டர் என்பது எதிர்வீட்டு வாசல். புதுச் சாலை போட்டு வால்வு மூடி தாருக்கடியில் போய்விட்டால், அந்தப் புள்ளியில் தோண்டி வெறும் மண்ணைத்தான் பார்ப்பீர்கள்.

அதனால் டேப்பை எடுங்கள். அசையாத இரண்டு மூலைகளிலிருந்து மூடியின் நடுவுக்கு அளந்து மீட்டரில் எழுதுங்கள்: ‘பள்ளிச் சுவர் வடகிழக்கு மூலை 4.35, ரேஷன் கடைத் தென்மூலை 6.10’. மின்கம்பம் வேண்டாம், சாலையை அகலப்படுத்தும்போது அதைப் பிடுங்கி நட்டுவிடுவார்கள். மாலையில் கணினியில், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் அந்த மூலைகளை மையமாக வைத்து இரண்டு வட்டம் போடுங்கள். அவை இரண்டு இடங்களில் வெட்டும். எது வால்வு என்று புகைப்படம் சொல்லிவிடும். செயற்கைக்கோள் படமே சற்று விலகியிருந்தாலும், தெருவில் டேப் அளவு சரியான இடத்துக்குக் கொண்டுபோகும்.

5. அன்றைய கோப்பை அன்றே நகலெடுங்கள்.

6. ஊருக்குப் புதிய ஃபிட்டரிடம் போனையும் டேப்பையும் கொடுத்து ஒரு வால்வைத் தேடச் சொல்லுங்கள். யாரையும் கேட்காமல் கண்டுபிடித்தால் படம் தேறியது.

அதன்பிறகு எபாநெட்டுக்குப் போங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் வெளியிட்ட இந்த இலவச மென்பொருள், கடைசித் தெருவில் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டுக் காட்டும். மூடிய வால்வைத் திறந்தது என்று பதிந்திருந்தால் அந்தக் கணக்கும் பொய்யாகும்.