பருத்தி இலை ஏன் சிவக்கிறது?

கேள்வி: எங்களுடையது பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் காடு, மானாவாரி. ஆவணிக் கடைசியில் பி.டி. பருத்தி ஊன்றினோம். ஐப்பசி மழையில் நாலைந்து நாள் தண்ணீர் நின்றது. மார்கழி பிறந்ததும் அடி இலைகள் சிவந்து உதிர்கின்றன. ஒரு மாதம் பிந்தி ஊன்றிய பக்கத்துக் காடு பச்சைப்பசேலென்று இருக்கிறது. மருந்துக் கடையில் மூன்று பாட்டில் எடுத்துக் கொடுத்தார்கள். இது நோயா, விதைக் கோளாறா?

பதில்: பாட்டில்களை இன்னும் உடைக்கவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும். முதலில் சிவந்த இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் கீழ்நோக்கி மடங்கி, அடியில் சின்னப் பச்சைப் பூச்சிகள் பக்கவாட்டில் ஓடினால் அது தத்துப்பூச்சி. மருந்துக்கு அங்கேதான் வேலை. ஓரம் மடங்காமல், நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் சிவந்திருந்தால் நோயும் இல்லை, விதைக் கோளாறும் இல்லை. செடிக்குப் பசி. மக்னீசியமும் தழைச்சத்தும் போதவில்லை.

உரம் போட்டோமே என்பீர்கள். போட்டது வேருக்குப் போய்ச் சேரவில்லை. நெற்பயிர் தண்டு வழியாகவே வேருக்குக் காற்றை இறக்கிக்கொள்ளும். பருத்திக்கு அந்த வசதி கிடையாது. கரிசலில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று அற்றுப்போய், உறிஞ்சும் நுனி வேர்கள் கெடத் தொடங்கும். தழைச்சத்தில் கொஞ்சம் தண்ணீரோடு போகும், கொஞ்சம் வாயுவாகிப் பறக்கும். கரிசலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து வேறு மக்னீசியத்துக்குப் போட்டியாக நிற்கும்.

மழை பெய்தது ஐப்பசியில், சிவப்பு மட்டும் ஏன் மார்கழியில்? உங்கள் செடிக்கு இப்போது ஏறத்தாழ 90 நாள். பி.டி. ரகங்களில் காய்ப்புழு சப்பையைத் தின்று கழிப்பது குறைவு என்பதால் காய்கள் ஒரே நேரத்தில் பிடிக்கும். அத்தனை காய்க்கும் சத்து அனுப்ப அடிபட்ட வேரால் முடியாது. செடி தன் அடி இலைகளில் இருப்பதை உருவிக் காய்க்குக் கொடுக்கிறது. மார்கழி இரவுக் குளிர் அந்தச் சிவப்பை இன்னும் கூட்டிக் காட்டும்.

பக்கத்துக் காட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது 60 நாள் செடி. காய்ச்சுமை இன்னும் ஏறவில்லை. தை, மாசியில் மழை நின்று ஈரம் இறங்கும்போதுதான் அதற்குக் காய் முற்ற வேண்டியிருக்கும். அப்போது வறட்சியாலேயே இலை சிவக்கும், காயும் சிறுத்துப்போகும். உங்கள் பகுதி மானாவாரிக்கு ஆவணியிலிருந்து புரட்டாசித் தொடக்கம் வரை ஊன்றுவது சரியான காலம்தான்; அடைமழைக்குள் செடி வேர் பிடித்துத் தேறிவிடும். ஆகவே நீங்கள் ஊன்றிய நாளைக் குறை சொல்ல மாட்டேன். வடிகாலைச் சொல்வேன்.

இப்போதைக்கு, 10 லிட்டர் தண்ணீருக்கு யூரியா 100 கிராம், மக்னீசியம் சல்பேட் 50 கிராம், துத்தநாக சல்பேட் 10 கிராம் கரைத்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதே வெயில் தாழ்ந்து தெளியுங்கள். சிவந்த இலை பச்சைக்குத் திரும்பாது; மேலே உள்ளவை சிவக்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். பாதிக் காய்க்கு மேல் வெடித்துவிட்டால் இந்தச் செலவே வேண்டாம், வயதான செடி சிவக்கத்தான் செய்யும். வரும் ஆண்டு நாலு வரிசைக்கு ஒரு வாய்க்காலைச் சரிவைப் பார்த்து இழுத்துவிடுங்கள். மழை வெறித்து மண் பொலபொலக்கும் பதத்தில் ஒரு கொத்து கொடுத்தால் வேருக்குக் காற்று போகும்.

தண்ணீர் பாய்ந்த சில மணி நேரத்தில் செடி மொத்தமாகத் துவண்டால் அது வேறு கதை, திடீர் வாடல். லிட்டருக்கு 10 மில்லிகிராம் கோபால்ட் குளோரைடு அதற்குக் கைகொடுக்கும், ஆனால் ஓரிரு நாளுக்குள் தெளித்தாக வேண்டும். உங்கள் காட்டுக்கு இது பொருந்தாது. கொழுந்து இலையும் சிவக்கத் தொடங்கினால் ஒரு செடியை வேரோடு பிடுங்கி வேப்பந்தட்டை பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள். இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள்.