நீர் புகுந்த எந்திரம்

நுழையும்முன்
வெள்ளத்தில் மூழ்கிய ஊர்தியைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். நீர் வடிந்தபின் முதலில் என்ன செய்கிறோம் என்பதே அதன் நிலையை முடிவு செய்கிறது. அதற்கான அறிவியல் காரணத்தையும் மீட்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஏரிகள் சூழ்ந்த நிலம்
சென்னையின் மேற்குப் புறநகர் ஏரிகள் நிறைந்த பகுதியாகும். 2015 டிசம்பரில் பெய்த பெருமழையில் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, அதன் உபரிநீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை வெள்ளம் சூழ்ந்தது. இத்தகைய வெள்ளங்களில் தொழிலாளரின் இருசக்கர ஊர்திகளும் ஆட்டோக்களும் சரக்கு ஊர்திகளும் மூழ்குகின்றன. ஊர்தியை நம்பி நாள்கூலி ஈட்டுவோர்க்கு எந்திரம் பழுதாவது வாழ்வாதாரத்தையே இழப்பதாகும்.

நீர் ஏன் பகையாகிறது?
பெட்ரோல் எந்திரத்தின் உருளைக்குள் புகும் காற்று எரிபொருள் கலவையைப் பிஸ்டன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது. டீசல் எந்திரத்தில் அமுக்கம் இன்னும் மிகுதி. காற்று அமுங்கும், நீரோ அமுங்காது. உருளைக்குள் நீர் நிற்கும்போது எந்திரத்தை இயக்கினால், மேலெழும் பிஸ்டன் நீரில் மோதித் தடைபடும். அவ்விசையைத் தாங்காமல் பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத்தண்டு வளையும். சில வேளைகளில் முறிந்து எந்திரத்தின் சுவரையே பிளக்கும். எனவே, நீரில் நின்றுபோன ஊர்தியை மீண்டும் இயக்கிப் பார்த்தல் கூடாது.

மீட்கும் முறை
முதலில் மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, ஊர்தியைத் தள்ளியோ இழுத்தோ மேட்டுநிலத்திற்குக் கொண்டுவர வேண்டும். காற்று வடிகட்டி நனைந்திருந்தால் நீர் உள்ளே சென்றிருக்கக்கூடும். அளவுகோலில் ஒட்டும் எண்ணெய் பால் கலந்த தேநீர் போலத் தோன்றினால் எண்ணெயில் நீர் கலந்துவிட்டது என அறியலாம்.

பின்னர்ப் பணிமனையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எந்திரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுவர். உருளையில் தேங்கிய நீர் பிளக் துளை வழியே வெளியேறும். உட்புறம் துருப்பிடிக்காதிருக்கச் சிறிது எண்ணெய் விடுவர். பழைய எண்ணெயை முற்றிலும் வடித்து, எண்ணெய் வடிகட்டியையும் காற்று வடிகட்டியையும் மாற்றுவர். எரிபொருள் கலத்தில் நீர் இருந்தால் அதனையும் அகற்றுவர். மின்னிணைப்புகள் நன்கு உலர்ந்தபின்னரே எந்திரம் இயக்கப்படும். சிறிது நேரம் இயங்கியதும் எஞ்சிய ஈரத்தை நீக்க எண்ணெயை மீண்டும் ஒருமுறை மாற்றுவது நலம். நாள்கள் கடந்தால் உருளைச் சுவரில் துரு ஏறும். ஆதலால் இயக்குவதில் பொறுமையும் பணிமனைக்குக் கொண்டு செல்வதில் விரைவும் வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. சாவியைத் திருப்பாமல் காக்கும் ஒரு நொடிப் பொறுமை, ஒரு குடும்பத்தின் பல மாத வருவாயைக் காக்கும்.

தெரிந்து தெளிவோம்
நீர் புகுந்த எந்திரத்தை இயக்கியதால் நேரும் பழுதுக்குப் பொதுவான ஊர்திக் காப்பீட்டில் பெரும்பாலும் இழப்பீடு கிடைப்பதில்லை. எந்திரப் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பினைத் தனியே பெறவேண்டும்.

கற்பவை கற்றபின்
உங்கள் பகுதியிலுள்ள ஊர்திப் பணிமனைக்குச் சென்று, மழைக்காலத்தில் வரும் பழுதுகளைக் கேட்டறிந்து தொகுக்க.