சூரிய சக்தி பம்பு செட்: டீசல் மிச்சம், தண்ணீரும் மிச்சமாக வேண்டும்

மின் இணைப்பு இல்லாத கிணறுகளில் டீசல் எஞ்சின் வைத்து இறவை செய்யும் விவசாயிகள் எண்ணெய்ச் செலவைக் கணக்குப் பார்க்கிறார்கள். புகைக்கும் ஒரு கணக்கு உண்டு. 5 குதிரைசக்தி எஞ்சின் மணிக்குச் சுமார் 1 லிட்டர் டீசல் குடிக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரு கிலோ எடைகூட இல்லாத எண்ணெயிலிருந்து இவ்வளவா என்று தோன்றலாம். எண்ணெயிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவைச் சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது. நாளுக்கு 4 மணி நேரம் வீதம் ஆண்டில் 150 நாட்கள் ஓட்டினால் 600 லிட்டர் டீசல் செலவாகும். ஒன்றரை டன்னுக்கு மேல் கரியமில வாயு காற்றில் கலக்கும். மனிதச் செயல்களால் வெளியாகி, பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் தக்கவைக்கும் வாயுக்களில் இதுவே முதன்மையானது.

உள்நாட்டு உற்பத்தியில் ரூபாய் ஒன்றுக்கு வெளியாகும் இத்தகைய வாயுக்களை 2005ஆம் ஆண்டு அளவிலிருந்து 2030க்குள் 45 சதவீதம் குறைப்பதாக இந்தியா 2022இல் உறுதி கூறியது. இந்தத் திசையில் விவசாயியின் கிணற்றுமேட்டுக்கே வந்த திட்டம், 2019இல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டமாகும். தனித்து இயங்கும் சூரிய சக்தி பம்பு செட்டுகளுக்கு மத்திய அரசு 30 சதவீதமும், மாநில அரசு 30 சதவீதத்துக்குக் குறையாமலும் மானியம் தர இதில் வகை செய்யப்பட்டது. திட்டம் 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இதைச் செயல்படுத்தியது.

இத்திட்ட விதிகளில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதிகளில் புதிதாகப் பம்பு செட் அமைக்க மானியம் கிடையாது. ஏற்கெனவே உள்ள டீசல் பம்பு செட்டை மாற்றிக்கொள்ளலாம். அதுவும் சொட்டுநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனம் செய்வதாக இருந்தால் மட்டுமே. தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் நிலை பிர்கா வாரியாகக் கணக்கிடப்படுகிறது. இந்தக் கட்டுப்பாடு தேவையற்ற கெடுபிடி என்று நினைப்பது தவறு. காரணம் எளிது. டீசல் வாங்கிய விவசாயி பயிர் கேட்டால்தான் எஞ்சினை ஓட்டினார். வெயிலுக்குக் காசு இல்லை. காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணி வரை மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

கணக்கைப் பார்ப்போம். 5 குதிரைசக்தி மோட்டாருக்குச் சுமார் 4,800 வாட் திறனுள்ள சூரிய ஒளித் தகடுகள் பொருத்தப்படுகின்றன. நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் விழும் இடம் வரையிலான உயரமும் குழாயில் ஏற்படும் உராய்வு இழப்பும் சேர்ந்து 50 மீட்டர் என்றால், நல்ல வெயில் நாளில் சுமார் 90,000 லிட்டர் கிடைக்கும். ஒரு ஏக்கரில் 2 அங்குல உயரம் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். எட்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் கட்டும் பயிரானால் மூன்றரை ஏக்கர்தான் பாயும். வாய்க்காலில் கசிவது போக மூன்று ஏக்கர் தேறினால் அதிகம். அதே பயிருக்குச் சொட்டுநீரில் தினம் 4 மில்லிமீட்டர் கொடுத்தால் ஏக்கருக்கு 16,000 லிட்டர் போதும். ஐந்து ஏக்கருக்கு மேல் பாயும்.

இனி மறுபக்கம். தேவையின்றி இறைத்து நீர்மட்டம் இறங்கி, அந்த 50 மீட்டர் 100 மீட்டரானால் அதே தகடுகள், அதே வெயிலில் கிடைப்பது சுமார் 40,000 லிட்டர்தான். அப்போது வாடும் பயிரைக் காப்பாற்ற விவசாயி மீண்டும் டீசல் ஜெனரேட்டரைத் தேடுவார். மானியம் கொடுத்து நிறுத்திய புகை மறுபடி கிளம்பும். எத்தனை பம்பு செட் அமைத்தோம் என்று மட்டும் அரசு கணக்கிட்டால் இது தெரியவராது. அந்தக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் ஆண்டுதோறும் அளப்பது அவசியம்.

பராமரிப்பு கடினமன்று. தகடுகள் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் அந்தத் தகடு மட்டுமன்றி, வரிசையாக இணைந்த மற்றவற்றின் உற்பத்தியும் குறையும். தூசியை வாரம் ஒரு முறை அதிகாலையில் கழுவ வேண்டும். உச்சி வெயிலில் சுட்டிருக்கும் கண்ணாடி மீது குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. மேகமூட்டமான நாட்களுக்காக ஒரு தரைத்தொட்டியோ சிறு பண்ணைக்குட்டையோ இருப்பது நல்லது. நிறுவனம் 5 ஆண்டுகள் பராமரித்துத் தரவேண்டும் என்பது விதி. அந்த ஒப்பந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

தங்கள் பிர்கா எந்த நிலையில் உள்ளது, இப்போது என்ன மானியம் உண்டு என்பதை வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். மோட்டாரின் திறனைத் தீர்மானிக்கும்போது கார்த்திகையில் கிணறு நிறைந்திருக்கும் அளவைச் சொல்லக் கூடாது. சித்திரையில் கயிறு விட்டு அளந்த அளவைச் சொல்ல வேண்டும்.